மீடியம், வலது

பத்தாங் பெர்சுந்தைக்கு வெளியே
செம்பனை முடிகிற இடத்தில் கையுறைத் தொழிற்சாலை.
பதினொரு வருடம் அங்கே
பீங்கான் கைகள் சங்கிலியில் தொங்கிப் போவதைப் பார்த்தேன்.
பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து,
விரல் நுனியில் ஒரு சொட்டு நிற்க,
மணிக்கு முப்பதாயிரம் கை.
அந்த உறைக்கு இடது வலது கிடையாது.
எந்தக் கையும் போகும்.

ஒரு நைட் ஷிப்டில்
சங்கிலி என் சட்டைக்கையைப் பிடித்தது.
மிச்சத்தை ரொஹிமாதான் பார்த்தாள், நான் பார்க்கவில்லை.
அவள் விசா முடிந்து சில்ஹெட் போய்விட்டாள்.
இனிக் கேட்க ஆளில்லை.

சொக்சோ பாரம், எக்ஸ்ரே, மறுபடி பாரம்.
பதினாலாம் மாதம் பெட்டியில் வந்தது புதுக் கை.
மேலே ஒட்டிய சீட்டில்: மீடியம், வலது.
மேலுறைக்கு மூன்று நிறம் வைத்திருந்தார்கள்,
மூன்றும் நானில்லை.
பால் தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி நிறத்தை
எடுத்துக்கொண்டேன்.

"இல்லாத மணிக்கட்டை உள்ளே மடக்குங்க, விரல் மூடும்.
இல்லாத மணிக்கட்டை வெளியே விரிங்க, திறக்கும்.
போலெ, புவான், போலெ" என்றாள் பயிற்சி கொடுத்த நூருல்.
முதல் வாரம் நாலு முட்டை உடைந்தது.
ஐந்தாவதை உடைக்காமல் வைத்துவிட்டு
அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வங்கியில் ஐசியைச் செருகினால்
கட்டைவிரல் கேட்கும் பெட்டி.
வேண்டுமென்றே வலதை வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
இன்னொரு தரம் வைத்தேன். சிவப்பு.
"லெஃப்ட் வைங்கக்கா," என்றாள் கவுண்டர் பெண்,
என் முகத்தைப் பார்க்காமல்.

கல்யாணப் பந்தியில் குழம்பு அதன்மேல் படக்கூடாது.
இடது கையால் பிசைந்தேன்.
பக்கத்து இலைக்காரி
தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.
ரசம் வழிந்து அவள் மடிக்கே போனது.
சந்தோஷப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரவு அது மேசையில்
ஹேண்ட்ஃபோன் பக்கத்தில் சார்ஜ் ஏறும்.
பழையது அப்போதுதான் வரும்.
கட்டிலுக்கு வெளியே எங்கோ
விரலைப் பொத்தி இறுக்கி,
நகம் உள்ளங்கையில் பதியப் பதிய.
திற என்றால் திறக்காது.
குணராசா எழுந்து, விளக்குப் போடாமல்,
வெறும் மெத்தையைத் தடவுவார்.
"இங்கயா?"
"இன்னும் கொஞ்சம் கீழ."
"இங்கயா?"
அங்கேதான்.

கரண்ட் இல்லாத ஓர் இரவுக்கு மறுநாள்
கோலசிலாங்கூர் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடியே அது செத்துவிட்டது.
என் ஸ்டாப் வந்தது. போனது.
டிரைவர் கண்ணாடியில் பார்த்து,
"கம்பிய விடுங்கக்கா!"
நானா பிடித்திருக்கிறேன்?

ஒரு கையால் பொத்தானைத் தேடி அழுத்தி
கூட்டிலிருந்து என்னை உருவிக்கொண்டேன்.
உள்ளே தேங்கிய வியர்வை செருப்பில் சொட்டியது.
நான் சீட்டில் உட்கார்ந்தேன்.
அது மேலே தொங்கியது,
பஸ் குலுங்கக் குலுங்க
முன்னும் பின்னும்,
விரல் நுனி வெளிச்சத்தில் பளபளத்து.
பதினொரு வருடம் பார்த்த ஆட்டம்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
பிடிக்க ஒரு கைதான் இருந்தது.

படிவம் ஐந்து படிக்கிற பையன் ஒருவன்
எட்டி அதன் சுண்டுவிரலைத் தொடப் போனான்.
"தொடாத தம்பி. என் கை."

வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.
அடுத்த இரண்டு ஸ்டாப் யோசித்து
பையிலிருந்து பவர்பேங்க் எடுத்து நீட்டினான்.
"இந்த வயர் சேருமா ஆன்ட்டி?"
சேரவில்லை.
கடைசி ஸ்டாப் வரை போனோம்,
நானும் அவனும் என் கையும்.